பொறி எங்கே போயிற்று?

இது விஞ்ஞான யுகம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். வகுப்பறையில் ஃபாரடேயின் விதிகளை மனப்பாடமாக ஒப்புவிக்கிறோம்; தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் வீட்டு வாசலில் ஓர் இயந்திரம் ஓடாமல் நின்றுவிட்டால், அந்த விதிகளுக்கும் இந்த இயந்திரத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாததுபோல் விழிக்கிறோம். இயற்பியல் மாணவியாகிய நானும் அவ்வாறுதான் இருந்தேன். என் தாய்மாமனின் மரம் அறுக்கும் மிஷின் ஒரு பொங்கல் விடுமுறையில் எனக்குப் புகட்டிய பாடத்தை நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சவுக்குத் தோப்பில் நின்ற மிஷின்

எங்கள் ஊர் கடப்பாக்கம். செங்கற்பட்டு மாவட்டம், செய்யூர் வட்டத்தில், இடைக்கழிநாடு பேரூராட்சியைச் சேர்ந்த கடலோர ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்வோரிடம், ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்பும் ஊர் என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். மணற்பாங்கான எங்கள் நிலத்தில் சவுக்கு செழித்து வளரும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். கட்டட வேலைக்குக் கம்பமாகவும், அடுப்புக்கு விறகாகவும், காகித ஆலைக்குக் கூழ்மரமாகவும் அது லாரி ஏறுகிறது.

முற்காலத்தில் கோடரியும் இருவர் இழுக்கும் ரம்பமும் செய்த வேலையை இன்று பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் செய்கிறது. ஜெர்மனியில் ஆந்திரயாஸ் ஸ்டீல் என்பவர் 1926-இல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தையும், 1929-இல் பெட்ரோலில் ஓடும் ரம்பத்தையும் செய்து விற்கத் தொடங்கினார். அன்று இருவர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்த அந்தக் கருவி, இன்று ஓர் ஆள் கையில் அடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் வெறும் ‘மிஷின்’தான்.

2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அதற்குப்பின், சாய்ந்த சவுக்கை அறுத்துக் கொடுக்கும் வேலையை மாமா ஒப்புக்கொண்டு, முன்பணமும் வாங்கியிருந்தார். அவரோடு நான்கு ஆட்கள். மிஷின் ஒன்றே ஒன்று. அது நின்றால் ஐந்து வீட்டுக் கூலியும் அன்றைக்கு நின்றுவிடும்.

அந்த மிஷின் நிற்கத்தான் செய்தது. வெறுமனே ஓட்டினால் கணீரென்று ஓடும். மரத்தில் வைத்து அழுத்தினால் சட்டென்று அணைந்துவிடும். கயிற்றை இரண்டு முறை இழுத்தால் மறுபடி ஓடும். மறுபடி மரத்தில் வைத்தால் நிற்கும். முதலில் பிளக்கை மாற்றினார்கள். பிறகு இன்னொரு பிளக். பின்பு கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். கடைசியில் காயிலையே மாற்றினார்கள். ஏறக்குறைய நாலாயிரம் ரூபாயும் நான்கு நாளும் போயின. நோய் மட்டும் போகவில்லை.

விடுமுறைக்கு நான் ஊருக்குப் போனபோது மாமா திண்ணையில் மிஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஏம்மா, காலேஜுல கரண்டு பாடந்தானே படிக்கிற? இது ஏன் நிக்குதுன்னு நீயாவது சொல்லேன். யாரோ சுவிட்சை அமுக்குற மாதிரி நின்னுடுது” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. மிஷினோடு வந்த கையேட்டையும் என் பாடப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்றிரவே உட்கார்ந்தேன்.

மின்கலம் இல்லாத மின்சாரம்

காரிலும் மோட்டார் சைக்கிளிலும் மின்கலம் உண்டு. சங்கிலி ரம்பத்தில் அது கிடையாது. கையால் கயிற்றை இழுக்கிறோம். அந்த இழுப்பிலேயே மின்சாரம் பிறந்து, பொறி பறந்து, இயந்திரம் உயிர் பெறுகிறது. இஃது எவ்வாறு நிகழ்கிறது?

ஒரு கம்பிச் சுருளை ஊடுருவும் காந்தப் பாயம் மாறினால், அச்சுருளில் மின்னியக்கு விசை தோன்றும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த உண்மை இது. பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மிகுதியாக விசை தோன்றும். ரம்பத்தின் பக்க மூடியைக் கழற்றினால் விசிறி இறக்கைகளோடு ஒரு சக்கரம் தெரியும். அதுவே பிளைவீல். அதன் விளிம்பில் நிலைக்காந்தம் பதிக்கப்பட்டிருக்கும். அதற்கு மிக அருகில், தொடாமல், காயில் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே 0.3 மி.மீ. அளவே இடைவெளி, விசிட்டிங் கார்டு ஒன்றின் கனம் என்று கொள்ளலாம்.

காயிலுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. முதன்மைச் சுருளில் சுற்றுகள் குறைவு. துணைச் சுருளில் மிக அதிகம். காந்தம் கடந்து செல்லும்போது முதன்மைச் சுருளில் மின்னோட்டம் எழுகிறது. சரியான கணத்தில் காயிலுக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று அதைப் பட்டென்று துண்டிக்கிறது. சில காயில்களில், மின்தேக்கியில் சேர்த்துவைத்த மின்னூட்டம் ஒரே வீச்சில் திறந்துவிடப்படுகிறது. எவ்வழியாயினும், துணைச் சுருளில் பல்லாயிரம் வோல்ட் பிறந்து, தடித்த வயர் வழியே பிளக்குக்குப் பாய்கிறது. பழைய மிஷின்களில் இந்தத் துண்டிக்கும் வேலையைக் காண்டாக்ட் பாயிண்ட் செய்துவந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு மேக்னெட்டோ என்று பெயர். ராபர்ட் போஷ் 1887-இல் ஓரிடத்தில் நிலையாக நின்று ஓடும் இயந்திரம் ஒன்றுக்கு மேக்னெட்டோ செய்து கொடுத்தார். 1902-இல் அவரிடம் பணியாற்றிய கோட்லோப் ஹோனோல்ட், உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதனோடு இயங்கும் பிளக்கையும் உருவாக்கினார். மாமாவின் திண்ணையில் கிடந்தது அந்த வம்சத்தின் பேரப்பிள்ளைதான்.

இது இரண்டு வீச்சு இயந்திரம். ஆகையால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடும்போது நொடிக்கு 200 பொறி! பத்தில் ஒரு நொடி தடை நேர்ந்தால் இருபது பொறிகள் தவறிவிடும்.

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிட வேண்டும். நம் வீட்டு விளக்கின் ஸ்விட்ச், மின்சுற்றைத் திறந்து விளக்கை அணைக்கிறது. ரம்பத்தின் ஸ்விட்சோ சுற்றை மூடி இயந்திரத்தை நிறுத்துகிறது. காயிலின் முதன்மைச் சுருளிலிருந்து ஒரு மெல்லிய வயர் ஸ்விட்சுக்கு வருகிறது. ‘நிறுத்து’ என்று தள்ளினால் அவ்வயர் இயந்திரத்தின் உடலோடு இணைந்துவிடும். மின்சாரம் பொறிக்குப் போகாமல் குறுக்கு வழியில் போய்விடும். வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் தேவைப்படும்.

நெருப்பா, எண்ணெயா?

இயந்திரம் ஓட மூன்று தேவை: சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், அதை இறுக்கும் அழுத்தம், உரிய கணத்தில் ஒரு பொறி. மூன்றில் எது குறைந்தது என்று தெரியாமல் உறுப்புகளை மாற்றுவது, காய்ச்சலா வயிற்றுவலியா என்று கேட்காமலே மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

முதல் கருவி நம் காது. பெட்ரோல் பற்றாக்குறையால் நிற்கும் இயந்திரம் பெரும்பாலும் தேய்ந்து தேய்ந்து நிற்கும். வேகம் தளரும், முனகும், சோக்கைச் சிறிது இழுத்தால் சற்றுத் தெளியும். பொறி அற்றுப்போய் நிற்கும் இயந்திரமோ முழு வேகத்திலிருந்து ஒரே வெட்டாக அணையும். முனகலும் இராது, எச்சரிக்கையும் இராது.

பெட்ரோல் டாங்கின் மூடியில் அல்லது டாங்கில் காற்று நுழைய ஒரு சிறு வழி உண்டு. மரத்தூளால் அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி எண்ணெய் வராது. மிஷின் நின்றவுடன் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும். பிறகு உடனே ஓடும். இதைக் காயில் கோளாறு என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர்.

மாமாவின் மிஷினை மறுநாள் காலை தோப்பில் ஓட்டிக் கேட்டேன். மரத்தில் வைத்ததும் வெட்டினாற்போல் நின்றது. மூடியைத் திறந்தேன்; ‘உஸ்’ என்ற ஓசை இல்லை. பிஸ்டனின் அழுத்தம் கயிற்றிலேயே தெரிந்தது. இழுக்கும்போது கை திமிறியது. ஆகவே குற்றம் பொறியின் பக்கம் என்று முதல் முடிவுக்கு வந்தேன். கார்பரேட்டரைக் கழுவிய காசு வீண் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

பிளக் சொல்லும் செய்தி

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நோயாளியின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போன்றது. முனை காப்பிப் பொடி நிறத்தில் உலர்ந்திருந்தால் நலம். கறுத்து எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் பெட்ரோலில் ஆயில் அதிகம், அல்லது காற்றுச் சல்லடை அடைப்பு, அல்லது பொறி பலவீனம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் அதிகச் சூடு. பலமுறை கயிறு இழுத்தும் ஓடாமல், முனை பெட்ரோலில் நனைந்திருந்தால், எண்ணெய் வருகிறது, நெருப்புத்தான் வரவில்லை என்று பொருள். முனை உலர்ந்தே இருந்தால் எண்ணெயே வந்து சேரவில்லை.

முனைகளுக்கு இடையே மயிரிழை போன்ற கரித்துணுக்கு பாலம் கட்டிக்கொள்வதும் உண்டு. அவ்வழியே மின்சாரம் ஓடிப்போய்ப் பொறி பிறவாது. வெள்ளைப் பீங்கானில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். இடைவெளி பெரும்பாலான ரம்பங்களில் 0.5 மி.மீ.; கையேட்டில் கண்ட அளவே இறுதியானது. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திப் பிளக்கைச் சுத்தம் செய்யும் வழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. அதனால் கரி கூடுமேயன்றிக் குறையாது. கை சுடுவதும் நிச்சயம்.

பிளக்கின் தலையில் மாட்டும் ரப்பர் தொப்பியையும் மறக்கலாகாது. அதனுள் ஒரு சிறு ஸ்பிரிங் உண்டு. அதன் கூர்முனை தடித்த வயரின் நடுக்கம்பியைக் குத்தி நிற்க வேண்டும். அது நழுவினாலும் துருவேறினாலும் பொறி தடுமாறும். தடித்த வயரின் உறை எங்காவது வெடித்திருந்தால் மின்சாரம் அவ்வழியே உடலுக்குத் தாவிவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் நீலப் பொறி தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும்.

மாமாவின் பிளக்கோ புத்தம் புதிது. நிறமும் நன்றாக இருந்தது. தொப்பியும் வயரும் பழுதில்லை.

திறந்த வெளிப் பொறியை நம்பலாமா?

பொறி இருக்கிறதா என்று பார்க்கப் பிளக்கைக் கழற்றித் தொப்பியில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை இயந்திர உடலில் தொடவைத்துக் கயிற்றை இழுப்பார்கள். பொறி தெரிந்தால் “நெருப்பு இருக்கு” என்று முடிவு கட்டிவிடுவார்கள். இங்குதான் இயற்பியல் ஒரு முக்கியமான எச்சரிக்கையைத் தருகிறது.

ஃப்ரீட்ரிக் பாஷென் என்ற ஜெர்மானிய இயற்பியலறிஞர் 1889-இல் ஒரு விதியை வெளியிட்டார். இரு முனைகளுக்கு இடையே வாயுவின் வழியாகப் பொறி தாவத் தேவையான மின்னழுத்தம், வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது என்பதே அதன் சாரம். சாதாரணக் காற்றில் 1 மி.மீ. தாவ ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். 0.5 மி.மீ. இடைவெளிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் போதும். ஆனால் சிலிண்டருக்குள் கலவை ஆறேழு மடங்கு நெருக்கப்பட்டிருக்கிறது. அங்கே அதே அரை மில்லி மீட்டரைத் தாவப் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் தேவை. நலிந்த காயில் வெளியே பொறி காட்டிவிட்டு, உள்ளே கைவிரித்துவிடலாம்.

கணக்கு எளிது. அரை மில்லி மீட்டரை ஏழால் பெருக்கினால் 3.5 மி.மீ. அதாவது, திறந்த காற்றில் ஏறக்குறைய 4 மி.மீ. தாவக்கூடிய பொறிதான் உள்ளே நம்பத்தகுந்தது. கடையில் இதற்கென்றே சோதனைக் கருவி கிடைக்கிறது. எங்களிடம் அது இல்லை. மாமாவிடம் பழைய பிளக்குகள் இருந்தன. ஒன்றின் ஓரமுனையை விரித்து 4 மி.மீ. இடைவெளி ஆக்கினோம். கயிற்றை இழுத்தபோது ‘டக் டக்’ என்று நீலப் பொறி தாவியது. காயிலுக்கு நல்ல பலம் இருக்கிறது என்று விளங்கிற்று.

இச்சோதனையில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, பிளக் இருந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும். சோதனைப் பிளக்கை அதன் அருகில் வைத்தால் தீப்பற்றும். துளைக்கு எட்டத்தில், சிந்திய பெட்ரோலைத் துடைத்த பிறகே இதைச் செய்ய வேண்டும். இரண்டாவது, பிளக்கை வெறுங்கையால் பிடிக்கலாகாது. மூன்றாவது, தொப்பியில் எதையும் மாட்டாமல் கயிற்றை இழுக்கலாகாது. தாவ வழியில்லாத மின்னழுத்தம் காயிலின் உட்காப்பையே துளைத்துவிடக்கூடும்.

பொறியே இல்லையென்றால்

பொறி அறவே இல்லையென்றால் காயில் வாங்க ஓடவேண்டாம். முதலில் காயிலிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய வயரை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். அப்போது பொறி வந்தால் குற்றம் ஸ்விட்சிலோ அந்த வயரிலோதான். செலவில்லாத சோதனை இது. ஆனால் வயரைக் கழற்றிய நிலையில் மிஷினை ஓட்டினால் ஸ்விட்சால் நிறுத்த முடியாது. சோக்கை மூடித்தான் நிறுத்த வேண்டும். அப்படியே மரம் அறுக்கப் போவது உயிரோடு விளையாடுவதாகும்.

அடுத்தது காந்தமும் இடைவெளியும். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு உண்டு. செய்யூர், மரக்காணம் பக்கத்து உப்பளங்களைச் சொல்லவே வேண்டாம். மழைக்காலத்தில் மிஷினைச் சும்மா வைத்திருந்தால் காயிலின் இரும்புத் தகடுகளிலும் காந்தத்தின் முகத்திலும் துரு படியும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு, நடுவே விசிட்டிங் கார்டை வைத்துக் காயிலைக் காந்தத்தோடு ஒட்டவிட்டு, திருகாணிகளை இறுக்கிக் கார்டை உருவிவிட்டால் இடைவெளி சரியாக அமையும்.

பிளைவீலைத் தண்டோடு பூட்டி வைக்கும் சிறு சாவித்துண்டு அறுந்து போயிருந்தால், பொறி வரும்; ஆனால் வேளை தவறி வரும். கயிறு கையைப் பின்னுக்கு இழுத்து உதறும். சைலன்ஸரில் வெடிச் சத்தம் கேட்கும். எத்தனை புது பிளக் போட்டாலும் அது தீராது.

காயிலுக்குக் கடைசி இடம். அதில் மின்னணு உறுப்புகள் கலந்திருப்பதால் மின்தடையை அளந்து மட்டும் நல்லது கெட்டது சொல்ல இயலாது. மற்றவை யாவும் சரி என்று தெரிந்த பிறகு எஞ்சுவதுதான் காயில்.

சூடானால் நிற்கும் நோய்

சில காயில்கள் குளிர்ந்த நிலையில் குறையின்றி வேலை செய்யும்; கால் மணி நேரம் ஓடிச் சூடேறியதும் பொறியை நிறுத்திவிடும். உள்ளே இற்றுப்போன ஓர் இணைப்பு, சூட்டில் விரிந்து விலகுவதே காரணம். ஆறியபின் மறுபடி ஓடும். இதைக் கண்டுபிடிக்க, நின்ற அந்த நிமிடமே, சூடு ஆறுமுன் பொறியைச் சோதிக்க வேண்டும். சாவகாசமாக டீ குடித்துவிட்டு வந்து சோதித்தால் பொறி சிரித்துக்கொண்டு நிற்கும்.

மாமாவின் காயிலை மாற்றச் சொன்னவர்கள் இந்த நோயைத்தான் மனத்தில் கொண்டார்கள் போலும். ஆனால் அவர்கள் ஒன்றைக் கேட்கத் தவறினார்கள். மிஷின் சூடானால் நிற்கிறதா, அழுத்தினால் நிற்கிறதா? விடியற்காலையில் முதல் மரத்திலேயே, சூடேறுமுன்பே, நின்றது. ஆகவே சூடு குற்றவாளி அன்று.

அழுத்தும்போது அசைவது எது?

இப்போது என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரே உண்மை. ஓய்ந்திருக்கும்போது எல்லாச் சோதனையிலும் தேறும் மிஷின், மரத்தில் அழுத்தும்போது மட்டும் பொறியை இழக்கிறது. அப்படியானால் அழுத்தும்போது மாறுவது எது?

ரம்பத்தை மரத்தில் வைத்து அழுத்தும்போது என்ன நடக்கிறதென்று மாமாவை நடித்துக்காட்டச் சொன்னேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சங்கிலியை மரத்தில் ஊன்றிப் பின்பிடியை அழுத்தினார். அப்போதுதான் கண்ணில் பட்டது. கைக்கு அதிர்ச்சி ஏறாதிருக்க, பின்பிடியும் இயந்திரமும் நேராகப் பூட்டப்படவில்லை. நடுவே ரப்பர் கட்டைகள் இருக்கின்றன. அழுத்தினால் பிடி ஒரு விரற்கடை நகர்கிறது. இந்த இடைவெளியைத் தாண்டிச் செல்பவை மூன்றே பொருள்கள்: பெட்ரோல் குழாய், ஆக்ஸிலரேட்டர் கம்பி, ஸ்விட்ச் வயர். முதல் இரண்டும் பொறியைத் தொடாதவை.

பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் மல்ட்டி மீட்டரை இரவல் வாங்கினேன். முதலில் ஸ்விட்ச் வயரைக் காயிலிலிருந்து கழற்றினேன். கழற்றாமல் அளந்தால், காயிலின் சுருளே உடலோடு இணைந்திருப்பதால் மீட்டர் ஏமாற்றிவிடும். மீட்டரின் ஒரு முனையை அந்த வயரிலும் மறுமுனையை இயந்திர உடலிலும் வைத்தேன். ஸ்விட்சை ‘நிறுத்து’ என்று வைத்தால் மீட்டர் ஒலித்தது, சரி. ‘ஓடு’ என்று வைத்தால் மௌனம், அதுவும் சரி. “இப்போ அழுத்துங்க மாமா” என்றேன். அழுத்தினார். மீட்டர் ‘பீப்’ என்று கத்தியது. விட்டார், அடங்கியது. மறுபடி அழுத்தினார், மறுபடி கத்தியது.

பிடியைப் பிரித்துப் பார்த்தோம். சிலிண்டரின் குளிர்விப்புத் தகட்டை உரசி உரசி, அந்தக் கறுப்பு வயரின் உறை ஒரு நெல்மணி நீளத்துக்குத் தேய்ந்திருந்தது. உள்ளிருந்த செப்புக் கம்பி உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. மாமா மரத்தை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது தகட்டைத் தொட்டது. தொட்ட கணமே, ஸ்விட்சைத் தட்டினால் என்ன நேருமோ அதுவே நேர்ந்தது. இயந்திரம் நின்றதும் கை தளரும், வயர் விலகும், பொறி திரும்பிவரும். காயிலை மாற்றியபோது பழைய வயரையே அதில் மாட்டியிருந்தார்கள். நோய் நீங்காததில் வியப்பென்ன?

ஒரு முழம் வயர், அதன்மேல் ஒரு உறைக்குழாய், தகட்டில் படாதபடி ஒரு கட்டு. செலவு இருபது ரூபாய்க்கு மேல் இல்லை. ரப்பர் கட்டைகளும் தளர்ந்திருந்ததைக் கண்டு அவற்றை மாற்றிக்கொள்ளும்படி சொன்னேன். அன்று பிற்பகல் மிஷின் மரத்தில் நுழைந்தது. நிற்காமல் மறுபக்கம் வந்தது. ஆட்கள் கைதட்டவில்லை, அவசரமாகக் கட்டைகளை அடுக்கத் தொடங்கினார்கள். நான்கு நாள் வேலை பாக்கி இருந்தது.

முடிவுரை

இந்த அனுபவத்திலிருந்து நான் தெரிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகக் கூறி முடிக்கிறேன். முதலில் காதால் கேட்க வேண்டும். பிறகு கண்ணால் பார்க்க வேண்டும். பிறகுதான் கருவியால் அளக்க வேண்டும். செலவில்லாத சோதனை முன்னும், விலையுள்ள உறுப்பு பின்னும் வரவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒவ்வொரு சோதனையும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு பதிலைத் தரவேண்டும். பதில் தராத மாற்றம் சூதாட்டமேயாகும். அந்தச் சூதாட்டத்தில் தோற்கும் காசு, அன்றாடம் கூலிக்குப் போகிறவனின் காசு என்பதை மறக்கலாகாது.

இன்னொன்றும் உண்டு. அதை எழுதத்தான் இக்கட்டுரையைத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். “யாரோ சுவிட்சை அமுக்குற மாதிரி நின்னுடுது” என்று மாமா முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். கடையிலும் சொன்னார், என்னிடமும் சொன்னார். அதுவே முழு விடை. சொல் மாறாமல், எழுத்துப் பிசகாமல், நோயின் பெயரையே அவர் சொல்லியிருந்தார். படிக்காதவர் பேச்சு என்று எவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேக்னெட்டோவின் ஸ்விட்ச் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் புத்தகத்தில் படித்திருந்த நானும் முதலில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த முறை நம் வீட்டு மோட்டாரோ, மிக்ஸியோ, மிஷினோ நின்றுவிட்டால், அதை நாள்தோறும் கையில் பிடிக்கிறவரிடம் முதலில் கேட்போம்: “அது எப்படி நின்றது? சொல்லுங்கள்.” அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, அதன்பிறகு ஸ்பேனரை எடுப்போம்.